படத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல்

நமாக்குவாலாந்து,
ஜனவரி 14

அன்புள்ள டெல்மாரிக்கு,

கேப் டவுனில் வேலையும் அறையும் உனக்குப் பழகியிருக்கும். இங்கே வெயில் கடுமை. உன் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஞாயிறன்று ரொட்டி கொடுத்துவிட்டு, "அவ போன் பண்ணாளா?" என்று கேட்டார். பண்ணினாள் என்று பொய் சொன்னேன்.

என் அம்மாவைப் புதைத்த வருடம் நான் இருந்த நிலை உனக்குத் தெரியும். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த அவளையே பார்த்துக்கொண்டவளுக்கு, தனக்கென்று கஞ்சி காய்ச்சக் கை வரவில்லை. தினம் அரை மணி நேரம் உட்கார்ந்து எதையாவது வரையச் சொன்னார் கிளினிக் நர்ஸ். வெள்ளைப் பாறை இடுக்கில் கூழாங்கல் போலிருந்த பட்டாணி அளவுச் செடிகளை வரைந்தேன். கோடையில் அவை காகிதமாய்ச் சுருங்கியதும் பயந்து தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய மூன்றும் அழுகிப்போயின. சும்மா விட்டவை மழைக்காலத்தில் பழைய தோலைக் கிழித்துக்கொண்டு பச்சையாய் வந்தன. அதை வரைந்து முடித்த மதியம் குற்றவுணர்வில்லாமல் படுத்துத் தூங்கினேன்.

இதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். "கூழாங்கல்லு முன்னாடி உக்காந்து அழுத ஒரே பொம்பள நீதான்டி" என்றாய். பிறகு, படங்களைப் பிரதி எடுத்துச் சுவரில் மாட்டப்போவதாக நோட்டை ஒரு வாரம் வாங்கிப்போனாய்.

இந்த அரிய செடிகளைத் திருடி விற்கிறவர்கள் இருப்பதால், வரைகிறவர்கள் இடத்தை எழுதுவதில்லை. நான் எழுதினேன். எனக்கு மட்டுமான நோட்டு என்று, காற்றாலைக் கிணற்றிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று மூலையில் குறித்தேன். முட்டாள்தனம் என்னுடையது.

போன செவ்வாய்க்கிழமை பாறை இடுக்கெல்லாம் வெறுமை. திருப்புளியால் நோண்டிய கீறல்கள் மட்டும் இருந்தன. சாலைச் சோதனையில் இருவர் பிடிபட்டார்கள். பெட்டிக்குள் செடிகள் நசுங்கிக் கிடந்தனவாம். ஒருவனுடைய கைப்பேசியில் இருந்த புகைப்படத்தை வனக்காவலர் கூப்மன் என்னிடம் காட்டினார். என் நோட்டின் பக்கம், என் கையெழுத்து. காற்றில் புரளாமல் தாளை அழுத்தியிருந்தது ஒரு கட்டைவிரல். நகத்தடியில் பிறை போன்ற தீத்தழும்பு. ரொட்டி அடுப்பில் நீ சுட்டுக்கொண்ட அன்று கற்றாழை தடவிக் கட்டியவள் நான்.

"உன் நோட்டு, உன் எழுத்து. வேற யாரும்மா பாத்தா?" என்றார்.

"யாருமில்ல" என்றேன்.

"அப்போ நீதான் பதில் சொல்லணும். திங்கக்கிழமை வர்றேன்" என்று சொல்லிப் போனார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று காலிப் பாறையின் முன் உட்கார்ந்து அந்தக் கீறல்களை வரைந்தேன். உனக்காகப் பொய் சொல்லி, ஊற்றக்கூடாத இடத்தில் மறுபடியும் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்கமாட்டேன். திங்களன்று கூப்மனிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். சனிக்கிழமை பேருந்தில் நீ வந்தால், உன் பெயரை நீயே சொல்லலாம். நான் பக்கத்தில் நிற்பேன். உன் அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

தழும்பில் வெயில் படாமல் பார்த்துக்கொள். வந்துவிடு, டெல்மாரி.

ரொவீனா