மாடிப் போனின் பூட்டு

நியூஜெர்சி
10.1.1998

அன்புள்ள மஹதி,

என் ஆபீஸ் நண்பன் ஜெயராம் லீவில் மெட்ராஸ் வருகிறான். அவனிடம் மோடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மாடியில் என் பழைய கம்ப்யூட்டரில் அவனே மாட்டிக் கொடுப்பான். மாடிப் போனும் கீழே அப்பாவின் போனும் ஒரே லைன். அதனால் அவரைக் கேட்டுவிட்டு இன்டர்நெட் போடு. கணக்கு அவர் பெயரில்தான். பாஸ்வேர்டும் அவரிடமே இருக்கட்டும்.

உன் விசா இந்த வருஷமும் வேண்டாம் என்று பார்க்கிறேன். அம்மா போன பிறகு அப்பாவைத் தனியே எப்படி விடுவது? இனிமேல் தினமும் மெயிலில் பேசலாம், சந்தோஷம்தானே?

உன்
ஸ்ரீரங்கன்

மயிலாப்பூர்
2.2.1998

அன்புள்ள உங்களுக்கு,

மோடம் வந்தது. நான் எதிர்பார்த்தது விசா.

அது மாவு மெஷின் மாதிரி இரைந்து, ஒருவழியாக லைன் கிடைக்கும்போது உங்கள் அப்பா கீழே ரிசீவரை எடுத்து "யாரது? யாரது?" என்று அதட்டுவார். உடனே அறுந்துவிடும். பாஸ்வேர்டை அவரே மாடிக்கு வந்து அடிக்கிறார். அடித்துவிட்டுப் போவதும் இல்லை, நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார். மெயிலில் "இங்கு எல்லோரும் சௌக்கியம்" என்று மட்டும் நான் எழுதுவது அதனால்தான். இந்தக் கடிதத்தைக் கோவிலுக்குப் போகிற சாக்கில் தபாலில் போடுகிறேன்.

இரண்டு போன் டயலிலும் பூட்டு. சாவி அவர் பூணூலில். அடையாறில் இருக்கிற என் அம்மாவோடு இரண்டு வார்த்தை பேச அவரிடம் கெஞ்ச வேண்டும். அம்மா தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேண்டுமாம். நான் போகட்டுமா? இல்லை, என்னை அங்கே எப்போது அழைத்துக்கொள்வீர்கள்? இரண்டில் ஒன்று சொல்லுங்கள். எனக்கு மூச்சு முட்டுகிறது.

உங்கள்
மஹதி

நியூஜெர்சி
20.2.1998

அன்புள்ள மஹதி,

மெயில் இருக்கும்போது தபால் எதற்கு? "மாட்டுப்பெண் கோவிலுக்குப் போனால் சீக்கிரம் திரும்புவதில்லை" என்று அப்பா சொல்லச் சொல்ல நீயே டைப் அடித்த மெயில் கிடைத்தது. அவர் மனம் நோகும்படி நடக்காதே. பூட்டு பில்லுக்காக, உனக்காக இல்லை.

நீ வேலைக்குப் போனால் மத்தியானம் அவருக்கு யார் சாதம் போடுவார்கள்? இன்னும் இரண்டு வருஷம் பொறுத்துக்கொள். அப்புறம் பார்க்கலாம்.

உன்
ஸ்ரீரங்கன்

அடையாறு
15.3.1998

அன்புள்ள உங்களுக்கு,

போன வாரம் கம்ப்யூட்டரைத் துழாவியபோது டெலிபோன் படம் ஒன்று கண்ணில் பட்டது. அதில் நம்பரை அடித்தால் மோடமே டயல் செய்கிறது. நாம் ரிசீவரை எடுத்துப் பேச வேண்டியதுதான். சாவியும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். அம்மா நம்பரை அடித்தேன். அம்மா குரல் கேட்டதும் அழுதுவிட்டேன். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கும் பேசினேன். நடுவில் உங்கள் அப்பா கீழே போனை எடுத்துவிட்டார்.

"யாரோட பேசிண்டிருக்கே? பூட்டு பூட்டினபடியேன்னா இருக்கு!"

மாடிக்கு வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். பூணூலில் சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மறுநாள் காலையில் மோடத்தைக் கழற்றித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

நான் சண்டை போடவில்லை. இரண்டு வேளையும் வந்து சமைக்க அபயாம்பாள் மாமி ஒப்புக்கொண்டிருக்கிறாள். என் புடவைகளை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டேன். நாளை முதல் பள்ளிக்கூடம் போகிறேன்.

விசா பற்றி இனி கேட்க மாட்டேன். மோடத்தை மறுபடி மாட்டச் சொல்லி உங்கள் அப்பாவுக்கு எழுதவும் வேண்டாம். என்னோடு பேச வேண்டும் என்று தோன்றினால் அம்மா வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கிறது. கல்யாணமான நாளாக அந்த நம்பருக்கு நீங்கள் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. தேடிப் பாருங்கள்.

மஹதி