அலோர் ஸ்டாரில் இறங்கினால்

சுங்கைப் பட்டாணி,
ஞாயிற்றுக்கிழமை.

என் தம்பி அழகேசனுக்கு,

மிரியில் நீயும் உன் மனைவி பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம், உன் அத்தானின் முழங்காலைத் தவிர. கையில் போன் இருக்கும்போது இந்த அக்கா ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் இரண்டு வரிக்கு மேல் அனுப்பினால் நீ படிப்பதே இல்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். போனில் பேசினாலோ, அத்தான் பெயரை எடுத்த உடனே உனக்கு எங்கிருந்தாவது அவசர வேலை வந்துவிடுகிறது. கடிதம் என்றால் பாதியில் வைக்க முடியாது அல்லவா?

என் மகள் லோஷினி கல்யாணத்துக்கு வருகிறேன் என்று நீ சொன்ன அன்று, அடுப்பில் பாயசம் வைத்ததை மறந்து பாத்திரத்தைக் கருக்கிவிட்டேன். ஏழு வருஷம்டா. ஆனால் அடுத்த மூச்சிலேயே நீ ஒரு கண்டிஷன் போட்டாய். "லோஷினிக்காகத்தான் வர்றேன்க்கா. அத்தான் கார்ல ஏற மாட்டேன், அவரு வீட்டுல தங்க மாட்டேன். ஏர்போர்ட்ல இருந்து பஸ்ல எப்படி வர்றதுன்னு மட்டும் சொல்லு, மத்தத நான் பாத்துக்குறேன்" என்றாய். அவர் வீடா? அப்போ நான் யார் வீட்டில் இருக்கிறேன்? சரி, போகட்டும். வழிதானே கேட்டாய், எழுதுகிறேன்.

கேள்விப்பட்டதை வைத்து எழுதவில்லை. போன செவ்வாய்க்கிழமை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கல்யாணத்துக்கு வளையல் வாங்க அலோர் ஸ்டார் போகிறேன் என்று அத்தானிடம் ஒரு பொய்யைச் சொன்னேன். அவர் எதுவும் கேட்காமல் ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்.

நீ இறங்கும் அலோர் ஸ்டார் ஏர்போர்ட் கெப்பாலா பத்தாஸில் இருக்கிறது. பினாங்குப் பக்கமும் அதே பெயரில் ஓர் ஊர் இருப்பதால் யாரிடம் கேட்டாலும் ஏர்போர்ட் என்றே கேள். சின்ன இடம்தான், நடந்து தொலைந்துபோக வழியில்லை. வெளியே வந்ததும் போனில் கிராப் டாக்சி பிடித்து அனாக் புக்கிட் ஸ்டேஷன் என்று சொல்லு. பக்கம்தான், ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த வெயிலில் நடந்துவிடலாம் என்று நினைக்காதே. ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் வரும். பட்டர்வொர்த் போகும் ரயிலில் ஏறு. எதிர்ப்பக்கம் வருவது பாடாங் பெசார் போவது, அதில் ஏறினால் தாய்லாந்து எல்லையில் போய் நிற்பாய். சிரிக்காதே, உன் அக்கா அதில் ஒரு காலை வைத்துவிட்டாள். ஸ்கூல் பை மாட்டிய ஒரு மலாய்ப் பெண், "ஆன்ட்டி, மனா?" என்று நான் எங்கே போகிறேன் எனக் கேட்டதால் பிழைத்தேன்.

சுங்கைப் பட்டாணிக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். குளுகுளுவென்று இருக்கும், ஜன்னல் பக்கம் உட்கார். குருண் தாண்டினால் அடுத்தது நம் ஸ்டேஷன், தூங்கிவிடாதே. ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நேரமாகும். அப்போது கிராப்பிலேயே ஷஹாப் பெர்டானா பஸ் நிலையத்துக்குப் போய்விடு, அங்கே நம் ஊருக்கு எக்ஸ்பிரஸ் பஸ் கிடைக்கும். ஏர்போர்ட்டை விட்டு நடந்து போய்ப் பெரிய ரோட்டில் நின்றால் ஜித்ராவிலிருந்து வரும் பஸ்ஸும் உண்டு என்கிறார்கள். எத்தனை மணிக்கு வரும் என்று யாரைக் கேட்டாலும், வரும், வரும் என்கிறார்களே தவிர ஒருவரும் நேரம் சொல்லவில்லை. நல்ல வேளை, நீ வருவது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் தொழுகை நேரத்தில் அந்தப் பக்கம் ஒரு வண்டி கிடைக்காது.

அது உனக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

செவ்வாய்க்கிழமை அந்த ஏர்போர்ட்டில் உள்ளே போய், ஆட்கள் வெளியே வரும் கதவுக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். வழியைப் பார்க்க மட்டும்தான் போனேன், உட்கார வேண்டிய அவசியமே இல்லை. ஏதோ விமானம் வந்தது. ஆட்கள் வந்தார்கள், அவரவர் குடும்பம் கூட்டிக்கொண்டு போனது. கொஞ்ச நேரத்தில் கூடம் காலியாகிவிட்டது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். காவலாளி வந்து யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். தம்பிக்காக என்று சொன்னேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். பாவம் அந்த மனுஷன், ஏதோ ஆக்சிடென்ட்டைப் பார்த்தவர் மாதிரி பதறிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நீ அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாயே, உனக்கு யாராவது தண்ணீர் கொடுத்தார்களா?

அழகேசா, இப்போது நான் எழுதப் போவதைப் படித்துவிட்டு நீ வராமல் இருந்துவிடலாம். அந்தப் பயத்தில்தான் ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் உன்னை வீட்டு வாசலில் வரவேற்க என்னால் முடியாது.

அப்பா போன அன்று வெள்ளிக்கிழமை. காலையில் நீ கோலாலம்பூரிலிருந்து போன் பண்ணினாய். பினாங்குக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அலோர் ஸ்டாருக்குத்தான் கிடைத்தது, பத்தே முக்காலுக்கு இறங்குகிறேன், அத்தானை வரச் சொல்லு என்றாய். நன்றாகத்தான் கேட்டேன். நீயும் இரண்டு தடவை சொன்னாய். அதற்குள் அப்பாவைக் குளிப்பாட்ட வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பெண்கள் எல்லாம் என்னைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நான் அத்தானிடம் போய், "தம்பி பத்தே முக்காலுக்கு இறங்குறான், போய்க் கூட்டிட்டு வாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எந்த ஏர்போர்ட் என்று சொல்லவே இல்லை.

நம் வீட்டுக்குத் தெற்கே ஓர் ஏர்போர்ட், வடக்கே ஓர் ஏர்போர்ட். நீ அதுவரை வந்ததெல்லாம் பினாங்கு வழிதான். அவர் சாவியை எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போய்விட்டார். நீ வடக்கே உட்கார்ந்திருக்கிறாய், அவர் தெற்கே நிற்கிறார். இரண்டு விமானம் மாறி வந்ததில் உன் போனில் சார்ஜ் இல்லை. என் போன் எந்தப் பாயின் அடியில் கிடந்ததோ தெரியாது. ஒன்றரை மணிக்கு அவர் தனியாகத் திரும்பி வந்தபோதுதான் எனக்கே உறைத்தது. அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. எப்படியாவது நீ வந்துவிடுவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு எமகண்டம், அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும் என்றார்கள். ரெண்டரைக்கு அப்பாவைத் தூக்கினார்கள். அத்தான் தலையை மழித்துக்கொண்டு கொள்ளிச்சட்டியை எடுத்தார்.

நாலு மணிக்கு நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாய். முகம் எல்லாம் வெயிலில் கறுத்துப்போய் இருந்தது. அப்போதுதான் அத்தானும் சுடலையிலிருந்து ஈர வேட்டியோடு வந்தார். "என் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க நீங்க யாரு?" என்று கேட்டாய். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, அலோர் ஸ்டார்னு சொன்னேன்ல? அத்தான்கிட்ட சொன்னியா இல்லையா?" என்றாய்.

நான் தலையை ஆட்டினேன். சொன்னேன் என்று தலையை ஆட்டினேன்டா. சொந்தத் தம்பியை அவன் அப்பன் முகத்தைக் கூடப் பார்க்க விடாமல் செய்தவள் நான் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அவர் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். அப்புறம் உன்னைப் பார்த்து, "ஆமா, சொன்னா. நான்தான் மறந்துட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நீ ஏழு வருஷமாக அவர் முகத்தில் விழிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கிலாங் பஸ் ஓட்டியவர், ஒரு நாளும் ஒரு ஆளையும் மறந்து விட்டுவிட்டு வந்ததில்லை. அவரைப் போய் மறதிக்காரன் என்று நம் சொந்தபந்தமெல்லாம் பேசியது. அவர் வாயே திறக்கவில்லை. அன்றைக்குச் சாயந்தரமும் என்னிடம் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. நாங்கள் சண்டை போடாத ஆட்கள் இல்லை. உப்பு கூடினால் சண்டை, டிவி சத்தத்துக்குச் சண்டை. எத்தனையோ தடவை நான் வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன். ஒரு சண்டையிலும் அவர் அதை எடுத்ததில்லை. திட்டியிருந்தால்கூட நான் என்றைக்கோ உன்னிடம் சொல்லியிருப்பேன்.

நீ கோபப்பட வேண்டியது என்மேல்தான். வந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் வந்து திட்டு.

கல்யாண விஷயம் சொல்கிறேன். மண்டபம், சாப்பாடு எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. மாப்பிள்ளை புவனேஸ்வரன் லூனாஸ் பையன், கூலிமில் வேலை. அமைதியானவன். நம் லோஷினிக்கும் சேர்த்து அவன் அமைதியாக இருப்பதால் பொருத்தம் சரிதான். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணவறைக்கு வர வேண்டும். நீ வருவாயா மாட்டாயா என்று தெரியாமல் இருந்தபோது, சித்தப்பா மகன் ஒருவனை நிறுத்தலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கு அவள், "என் மாமா வரலன்னா நானே நடந்து போய் உக்காந்துக்குறேன் லா. வேற யாரும் என் கையப் பிடிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். உன் ரத்தம்தான், வேறென்ன?

நீ ஹோட்டலில் ரூம் போட்டிருப்பதை அத்தானிடம் சொன்னேன். அதைப் பொறுத்துக்கொண்டார். பஸ்ஸில் வருகிறாய் என்று சொன்னபோதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. "தாய்மாமன் கல்யாண வீட்டுக்கு பஸ்ஸுலயா வந்து இறங்குவான்? சீர்த்தட்டெல்லாம் மடியில வச்சுக்கிட்டு வருவானா?" என்று கத்தினார். என்னிடம் கத்தி என்ன பயன்? நேற்று காலையில் பார்த்தால் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். முழங்கால் வலி என்று மாடிப்படி ஏறாத மனுஷன், முட்டி போட்டு டயரைத் தேய்க்கிறார். பின் சீட்டில் கிடந்த பழைய குடை, எண்ணெய் டின், சாக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டன. எங்கேயாவது போகிறீர்களா என்று கேட்டேன். "கார் அழுக்கா இருந்துச்சு" என்றார். அந்தக் கார் நாலு வருஷமாக அழுக்காகத்தான் இருக்கிறது.

அதோடு விடவில்லை. நீ இன்னும் செனாங்கின் மீன் சாப்பிடுவாயா, இல்லை டாக்டர் ஏதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரா என்று கேட்கிறார். அடுத்த வாரம் புதன்கிழமை கோலா கெடாவுக்குப் போய் வாங்கி வரப் போகிறாராம். முன்பெல்லாம் நீ வரும்போது போவாரே, அதே மாதிரி.

இன்று காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் சமையலறைக் காலண்டர் முன்னால் பேனாவோடு நின்றார். அடுத்த வார வியாழக்கிழமைக் கட்டத்தில் உன் பெயரை எழுதினார். பதினொன்று இருபது என்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "எந்த ஏர்போர்ட்டு?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"அலோர் ஸ்டார்" என்றேன்.

அவர் அதையும் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். அப்புறம் வந்து இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, சட்னி நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகையால் தம்பி, நீ கேட்ட வழி மேலே எழுதியிருக்கிறது. கிராப், அனாக் புக்கிட், பட்டர்வொர்த் ரயில். ஒன்றும் தப்பில்லை, நான் போய்ப் பார்த்தது. ஆனால் வியாழக்கிழமை நீ அந்தக் கதவைத் தாண்டி வெளியே வரும்போது எதிரே பார். பேப்பர் படிப்பது மாதிரி ஓர் ஆள் நின்றுகொண்டிருப்பார், பேப்பர் தலைகீழாக இருந்தாலும் ஆச்சரியப்படாதே. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அவருக்கு அதெல்லாம் வராது. "சாப்டீங்களா அத்தான்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியைக் காரில் வை. மனம் வரவில்லை என்றால் அவரைத் தாண்டிப் போய் ரயிலேறு. எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்க மாட்டேன். அவர் சுங்கைப் பட்டாணி வரை ரயிலுக்குப் பின்னாலேயே காரை ஓட்டிக்கொண்டு வருவார், அது எனக்குத் தெரியும்.

எந்த வழியில் வந்தாலும் வந்து சேர். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தக் குறையும் வரக் கூடாது, நீ பத்திரமாக இறங்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றுகிறேன். இந்தத் தடவை ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டேன்டா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா யோகேஸ்வரி