நான்கு மணிப் படகு

பிப்ரவரி 3, திங்கள்

இல்லை, கல்லூரி பிடிக்காமல் போகவில்லை. பிடிக்காமல் போயிருந்தால் சொல்ல எளிதாக இருந்திருக்கும். முதலாமாண்டுப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேரையும் பிடிக்கும். உப்பளத்தை ஒட்டிப் பேருந்து திரும்பும்போது கண்ணைக் கூச வைக்கும் அந்த வெள்ளை வெயிலைக்கூடப் பிடிக்கும். பிடிக்காதது ஒரு இரும்பு பீரோ.

அலுவலகத்தில் இருக்கிறது. அதற்குள் என் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பி.ஏ., எம்.ஏ. எல்லாமே அசல். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்தேன். எல்லோரும் கொடுத்தார்கள். வாங்கி வைக்கக் கூடாது என்று விதி இருப்பது எல்லோருக்கும் தெரியும். கொடுக்காதவருக்கு வேலை இல்லை என்பதும் தெரியும்.

ஹைதராபாத்தில் ஆய்வுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, உதவித்தொகையோடு. 24ஆம் தேதி காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

இருபத்தொரு நாள்.


பிப்ரவரி 5

ஜெயபாய் அக்காவிடம் கேட்டேன். அலுவலகக் கண்காணிப்பாளர், பீரோச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது.

"ஏளா ஈவா, நான் சாவி வச்சிருக்கவ. தொறக்கச் சொல்லுதவுக வேற."

திறக்கச் சொல்பவர் தாளாளர் சங்கரபாண்டியன். இரும்புக்கடையில் ஆரம்பித்துக் கல்லூரி வரை வந்தவர். ஊருக்கு அண்ணாச்சி, முகத்துக்கு முன்னால் சார். போனேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும்மா. ஜூன்ல பாப்போம்."

"சார், இருபத்திநாலாந்தேதி எனக்கு—"

"ஜூன்ல பாப்போம்."

கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன். ஏன் குடித்தேன்?


பிப்ரவரி 7

கடிதம் திரும்பி வந்துவிட்டது.

இதைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். டிசம்பரில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு புகார் அனுப்பினோம். பெயர் போடாமல். கல்லூரிப் பதிவேட்டில் பதினொரு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அவர்களைப் பற்றி. விவரம் முழுக்க வடிவுக்கா திரட்டியது. கணக்குத் துறையில் எட்டு வருடமாக இருக்கிறாள், கால அட்டவணை போடுவதும் அவள்தான். ஆங்கிலம் என்னுடையது. பல்கலைக்கழகம் விசாரிக்கவில்லை. "விளக்கம் அளிக்கவும்" என்று குறிப்பெழுதி, எங்கள் கடிதத்தின் நகலையே கல்லூரிக்கு அனுப்பிவிட்டது.

"அண்ணாச்சி சட்டப் பையில வச்சுக்கிட்டு அலையுதாரு," என்றாள் வடிவுக்கா, நூலகத்தில். "ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாக்காரு."

"பயமா இருக்காக்கா?"

"பயந்து? ரெண்டு பிள்ளையளயும் தூக்கிக்கிட்டு எங்கன ஓட? வீட்டுக்காரவுகளுக்குத் துறைமுகத்துல மாசத்துல பாதி நாளுதான் வேல. என் சர்டிபிகேட்டும் உன்னோடதுக்குப் பக்கத்துலதான கெடக்கு." சிரித்தாள். "நீ போறத மட்டும் பாரு, ஏளா. ஒருத்தியாவது போவட்டும்."


பிப்ரவரி 10

சுற்றறிக்கை: பணியாளர் இன்பச் சுற்றுலா, 15ஆம் தேதி சனிக்கிழமை, தீவுக்கு. வராதவர்களுக்கு அன்று சம்பளமில்லா விடுப்பு. படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்து.

இன்பத்துக்குக் கையெழுத்திட்டேன்.


பிப்ரவரி 12

தாளாளர் சென்னையில். எனக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.


பிப்ரவரி 13

"அங்கன வச்சுக் கேளு," என்கிறாள் வடிவுக்கா. "மீனு தின்னா அண்ணாச்சி எளகிருவாரு. அதோட அங்கன எந்திரிச்சுப் போக முடியாதுல்லா. படகு நாலு மணிக்குத்தான்."

அவரும் போக முடியாது, நானும் போக முடியாது. அதை அவள் யோசிக்கவில்லை.


பிப்ரவரி 15, சனி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் படகு. முப்பத்தெட்டு பேர். ஏறும்போதே மணிக்கட்டில் மஞ்சள் காகிதப் பட்டை ஒட்டினார்கள். கிழித்தால்தான் கழலும். பட்டை இல்லாதவருக்குச் சாப்பாடும் இல்லை, திரும்பும் படகும் இல்லை. ஜெயபாய் அக்கா வருகைப்பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தார். கடலில் வைத்து எங்கள் பெயர்களை வாசித்தார். "உள்ளேன்," "உள்ளேன்." யாரோ, "இல்லன்னு சொன்னா நீந்தியா போவ?" என்றார்கள். எல்லோரும் சிரித்தோம்.

தீவு சின்னது. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும். நடுவில் பவளக்கல் சுவர் வைத்த பழைய பங்களா, முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கியது. இப்போது உல்லாச விடுதி. அவர்கள் உட்கார்ந்த அறையில் ஏசி, சுவர் முழுக்கச் சிப்பி ஒட்டியிருக்கிறது. சுற்றிக் காட்டியவர் சொன்னார்: சிப்பி எடுத்துவந்த ஆட்கள் எண்ணிக்கை முடிந்து சர்க்கார் பங்கு பிரியும் வரை வேலிக்கு வெளியே போக முடியாதாம். எவ்வளவு உண்மையோ. வேலி இருந்ததாக அவர் காட்டிய இடத்தில் கைப்பந்து வலை கட்டியிருந்தது. உவமை தானாகவே கையில் வந்து விழுகிறது. வேண்டாம்.

வடக்கே அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் துறைமுகத்துக் கிரேன்களும் தெரிந்தன. அவ்வளவு பக்கம். கைபேசியில் சிக்னல் மட்டும் இல்லை.

நாற்காலி விளையாட்டு. தாளாளர் விசில் ஊதினார். கடைசி நாற்காலிக்கு ஜெயபாய் அக்காவும் இயற்பியல் துறைத் தலைவரும். அக்கா இடித்து உட்கார்ந்துவிட்டார். "சார்வாள், மன்னிச்சுக்கிடுங்க. சீட்ட விட்டுக் குடுத்துப் பழக்கமில்ல." தாளாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அவரை வெறுக்க முடிந்தால் உதவியாக இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். உடைமர நிழல், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

"என்னம்மா இங்கிலீஷ் டீச்சர், மீனு சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் சார். சார், என் சர்டிபிகேட்—"

"இருங்க. மொதல்ல எனக்கொரு ஒத்தாச." சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். "எனக்கு இங்கிலீஷு பில்லு வரைக்குந்தான் ஓடும். நீங்க படிச்சவங்க. எழுத்த வச்சே ஆளச் சொல்லிரலாம்பாங்க. இது யாரு இங்கிலீஷு?"

என் கடிதம்.

வாங்கினேன். புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி அதிகமாக இருந்தது. டிசம்பரில் அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது, திருத்தாமல் விட்டிருந்தேன்.

"தெரியலன்னு சொல்லிராதீங்க. அப்ப இத்தன வருஷம் என்னத்தப் படிச்சீங்கன்னு கேப்பேன்." சிரித்தார். "சொல்லுங்க. திங்கக்கிழம ஜெயபாய்ட்ட உங்க கவர வாங்கிக்கிடுங்க."

படகுத்துறை காலியாக இருந்தது. மணி ஒன்றே முக்கால்.

"இங்கிலீஷ் படிச்சவங்க எழுதுனது இல்ல சார்," என்றேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். பொய்தான், ஆனால் யாரையும் தொடாத பொய்.

"எப்படிச் சொல்லுதீங்க?"

விளக்கினேன். வகுப்பில் நிற்பதைப்போல விளக்கினேன். "ஒண்ணு புள்ளி ஒண்ணு, ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்காங்க. ஒவ்வொரு பத்தியும் 'ஆகவே'ன்னு முடியுது. இலக்கியம் படிச்சவங்க கை இப்படிப் போகாது சார். இது ஒரு நிரூபணம் மாதிரி இருக்கு."

நிரூபணம். அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

வடிவுக்கா தந்த குறிப்புகளின் வரிசை அது. அழகாக இருக்கிறதென்று நான் கலைக்காமல் வைத்திருந்த வரிசை.

"கணக்கு," என்றார். "டைம்டேபிள் போடுத பொண்ணு."

கேள்வியாகச் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது? அவர் தாள்களை நீட்டுவாக்கில் ஒரு முறை மடித்தார், குறுக்காக ஒரு முறை மடித்தார், பைக்குள் வைத்தார், எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். அவ்வளவு நேரம் இருந்தது.

பிறகு நான்கு மணி வரை தீவில் இருக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம். வடிவுக்கா கரையில் குனிந்து பிள்ளைகளுக்குச் சோவி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"தாரேன்னாரு."

"பாத்தியா! நான் சொன்னம்லா!" ஈரக் கையோடு கட்டிப்பிடித்தாள்.

திரும்பும்போது அவளுக்குப் படகு ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஜெயபாய் அக்கா பெயர்களை வாசித்தார். "உள்ளேன்" என்றேன். அவளுக்கும் சேர்த்து நானே சொன்னேன்.


பிப்ரவரி 16

தெரிந்து சொன்னேனா, தெரியாமல் சொன்னேனா?

ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகவில்லை. நாசரேத்திலிருந்து அம்மா போன் செய்தாள், தலைவலி என்றேன்.

தெரியாமல்தான் என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.


பிப்ரவரி 17, திங்கள்

பழுப்பு உறை. நான்கு சான்றிதழ்கள், மதிப்பெண் பட்டியல்கள். வெள்ளிக்கிழமையோடு விடுவிப்பு.

"அண்ணாச்சி இப்பிடி மனசெறங்கி நான் பாத்ததே இல்ல," என்றார் ஜெயபாய் அக்கா. "என்ன மருந்து வச்ச, ஏளா?"


பிப்ரவரி 18

வடிவுக்காவுக்கு மெமோ. வேலையிலிருந்து எடுக்கவில்லை. விடுப்புகள் ரத்து. மாலை ஆறு வரை தேர்வுப் பிரிவில் கூடுதல் பணி. மூன்று வருடத்துக்கு விலகுவதில்லை என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அவளுடைய உறை மட்டும் அலுவலக பீரோவிலிருந்து தாளாளர் வீட்டுக்குப் போய்விட்டது.

"எவன் சொன்னான்னே தெரியல," என்றாள். "உன் பேரு வரல. அது போதும்."

தண்ணீர் குடித்தேன். வகுப்புக்குப் போனேன். முதலாமாண்டுக்கு என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.


பிப்ரவரி 19

தாளாளர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"எழுதுனது நான் சார்."

"தெரியும்மா. உக்காருங்க."

உட்காரவில்லை.

"படிக்காத லெட்டர ஒரு ஆளு எப்படிப் பாப்பாங்க? யாருக்கு எழுதிருக்கு, என்ன தேதி, சீலு இருக்கான்னு பாப்பாங்க. நீங்க நேரா ரெண்டாம் பக்கத்துக்குப் போனீங்க. கடையில முப்பது வருஷம் உக்காந்தவன்மா நான். சாமான எடுக்குத கைய வச்சே ஆளச் சொல்லிருவேன்."

"அப்போ ஏன் என் சர்டிபிகேட்ட—"

"நீங்க போறவங்க. போறவங்கள வச்சு நான் என்ன செய்ய? அவங்க இருக்கப் போறவங்க. இருக்கவங்க மேலதான கவனம் வேணும்." குரலை உயர்த்தவே இல்லை. "கூட இருந்தது யாருன்னு உங்க வாயால தெரிஞ்சுக்கிட்டேன். அவ்வளவுதான். நல்லாப் படிங்க."

"அவங்க மெமோவ—"

"வேலையவிட்டு எடுக்கலியே. எடுக்கவும் மாட்டேன். அவங்கள மாதிரி டைம்டேபிள் யாரு போடுவா?"

வெளியே வந்தேன். பையில் உறை இருந்தது. நான் வெளியே, அவள் உள்ளே. கதவைச் சாத்தியது என் கை.


பிப்ரவரி 20

மூன்றாம் மைல் பகுதியில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். மணி ஏழரை. அப்போதுதான் வந்திருந்தாள், சேலைகூட மாற்றவில்லை. பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நிரூபணம் என்ற சொல்லையும் சொன்னேன்.

மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். நிறுத்தவில்லை. முடிந்தபின் கையைக் கழுவினாள்.

"சொல்லிட்ட. இப்ப நான் என்ன செய்யணும்ங்குத? அழணுமா? மன்னிக்கணுமா?"

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"ஒண்ணும் சொல்லாத. நீ சொன்னா நல்லா சொல்லுவ." தட்டை எடுத்து வைத்தாள். "பிள்ளையளுக்குப் பசிக்கும். நாளைக்கு எனக்கு எட்டேகாலுக்கு பஸ்ஸு."

வாசல்வரை வரவில்லை.


பிப்ரவரி 21

முத்துநகர் எக்ஸ்பிரஸ். மேல் படுக்கை. உறையைத் தலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

வடிவுக்காவுக்கு மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.


பிப்ரவரி 24, திங்கள்
ஹைதராபாத்

சரிபார்ப்பு பதினோரு நிமிடத்தில் முடிந்தது. அலுவலர் ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார், நகலில் முத்திரை குத்தினார், அசலை என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டாமல் நின்றேன். வைத்துக்கொள்வார் என்று நினைத்துவிட்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். பின்னால் நின்ற பெண் முன்னே வந்துவிட்டாள்.

ரயிலில் ஒரு கடிதம் எழுதியிருந்தேன், பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. டிசம்பர் கடிதத்தை எழுதியது நான் என்று. பதினொரு பெயர்கள். சான்றிதழ்களைப் பிடித்து வைத்திருப்பது பற்றியும், ஒன்றைக் கல்லூரிக்கு வெளியே கொண்டுபோயிருப்பது பற்றியும். கீழே என் முழுப்பெயர், ஈவாஞ்சலின் ஞானதுரை, இங்குள்ள முகவரி, கைபேசி எண். வடிவுக்காவின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அந்த ஒன்று யாருடையது என்று தாளாளருக்குத் தெரியும். அவளுக்கு இது உதவுமா, இன்னும் இறுக்குமா, தெரியவில்லை. அவளைக் கேட்டுவிட்டு எழுதியிருக்க வேண்டும். அவள் போனை எடுக்கவில்லை.

வளாகத்துத் தபால் நிலையம் ஒன்பதரைக்கே திறந்திருந்தது. அப்போதே அனுப்பியிருக்கலாம். முதலில் சரிபார்ப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

பதினொன்றரைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகலை வடிவுக்காவுக்கு, வீட்டு முகவரிக்கு. பிறகு விடுதி எந்தப் பக்கம் என்று ஒருவரிடம் கேட்டு, நடந்தேன்.