துளையிடாமல் விட்ட ஓரிடம்

நலம் பெருகுக. மணிநீர் ஏழ்துறையும் வெண்குன்றக் கோட்டையும் ஒரு குடைக்கீழ் ஆளும் பட்டத்தரசி இளவெயினி, பிழையறியாப் பேரமைச்சர் என்று நாடு போற்றும் கொற்றங்கீரனார்க்கு விடுக்கும் ஓலை. நீவிர் தங்கியிருக்கும் யானைத்துறையில் புல்லும் நீரும் குறைவின்றி விளங்குக. நீர் ஓட்டிவரும் யானைகள் நலமே வாழ்க. ஆனால் இவ்வோலை கண்ட இடத்திலேயே அவை நிற்க. ஓரடியும் எடுத்து வைக்க வேண்டா.

ஏன் என்று கேட்பீர். சொல்லத் தொடங்கினால் நமக்குச் சிரிப்பு முந்துகிறது. ஓலை எழுதுவோனும் எழுத்தாணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

மோதிரத்துக்குள் அடங்கும் விளக்கு ஒன்று செய்து, அதன் ஒளியைச் சிதறாத ஒரே கோடாய்த் தீவுக்கோட்டைக்கு அனுப்ப நாம் விரும்பியதும், அதற்கெனப் படிகச்சாலை அமைத்ததும் நீர் அறிந்தவை. வெங்காயத் தோலினும் மெல்லிய படிகத் தகட்டில் நுண்துளைகளை வரிசை வரிசையாய் இட்டால், செவ்வொளி அவ்வரிசைகளைக் கடக்கமாட்டாமல் திரும்பும் என்று நூலோர் கூறினர். ஒரு துளையும் தவறலாகாது என்று நீர் ஆணையிட்டீர். தவறவில்லை, தகடுகளில் ஒன்றும் ஒளிரவுமில்லை. சாலையை யானைக்கொட்டிலாக்கலாம் என்று நீர் உரைத்தபோது நாமும் மனம் கசந்து இசைந்தோம்.

கடைசித் தகட்டைத் துளைத்தவள் சாத்தம்மை. அவள் குலத்தார் எதையும் முழுதாய் முடிப்பதில்லை. கண்பட்டுவிடும் என்று பாயில் ஓர் இழையும் கோலத்தில் ஒரு புள்ளியும் விட்டுவைப்பது அவர்கள் வழக்கம். அவ்வாறே தகட்டின் நடுவில் ஒரு துளையை இடாமல் விட்டாள். உம் ஆய்வாளர் உருப்பெருக்கும் ஆடி வைத்து அதைக் கண்டுபிடித்து, தகட்டை உடைக்கவும் அவளை நாடு கடத்தவும் உம்மிடம் தீர்ப்புப் பெற்று வந்தனர். குற்றப்பொருளை உடைக்குமுன் ஆள்வோர் ஒருமுறை வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது நம் அரண்மனை முறை அன்றோ? அவைக்களத்துச் சாளரத்தருகே பிடித்தோம்.

கீரனாரே, ஒளிர்ந்தது!

கடுகினும் சிறிய அவ்விடத்திலிருந்து செங்கதிர் ஒன்று நேரே பாய்ந்து, அவை முழுதும் கடந்து, படைத்தலைவரின் மீசையில் அமர்ந்தது. அவர் வாளை உருவினார். நாம் தகட்டைச் சட்டெனச் சாய்க்க, அது மீசையை விட்டுத் தரைக்கு இறங்கியது. அரண்மனைப் பூனை அதைத் துரத்திப் பாய்ந்து பட்டுத்திரையைக் கிழித்தது. நாமோ அரசி என்பதையும் மறந்து, அரியணைமேல் ஏறி நின்று கூவினோம். இதனை நாட்டு வரலாற்றில் எழுத வேண்டா.

நூலோர் ஆராய்ந்து கூறியது இது. எங்கும் நுழைய இடமில்லாத செவ்வொளிக்குத் துளையில்லாத அவ்வோரிடமே தங்கும் அறையாயிற்றாம். வெளியேற வழியின்றி அங்கேயே முட்டித் திரும்பி, தன்னை ஒத்த ஒளியைப் பெருக்கி, ஒரே நிறமாய், ஒரே நடையாய் ஒருபுறம் பாய்ந்ததாம். சாத்தம்மையை வினவினோம். ஒளி அங்கே குடியேறும் என்று தான் கனவிலும் எண்ணவில்லை என்றும், கண்பட்டுவிடுமோ என்றே அஞ்சியதாகவும் கூறிய அவள், இனி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள். நமக்குக் கண் கலங்கிவிட்டது. சற்றே அவசரப்பட்டிருந்தால் தகடும் நொறுங்கியிருக்கும், அவளும் எல்லை தாண்டியிருப்பாள்.

ஆகலின் ஆணையிடுகிறோம். சாத்தம்மைமேல் இட்ட தீர்ப்பு நீங்குக. படிகச்சாலை படிகச்சாலையாகவே இருக்க. யானைகள் திரும்புக, ஒன்று மட்டும் நெற்றிப்பட்டம் கட்டிக்கொண்டு வருக. அதன்மேல் சாத்தம்மை நகர்வலம் வருவாள். முன்னே நடந்து கூட்டத்தை விலக்குவது பேரமைச்சர் பணி. இதிலும் நீர் பிழை விடமாட்டீர் என்று நம்புகிறோம்.

நம் ஞாயிற்று முத்திரையைச் சூழ்ந்த முத்துவட்டத்தில் ஒரு முத்து குறையக் காண்பீர். தட்டானை அழைத்து நாமே அதைச் செதுக்கி எடுத்தோம். போலி என்று ஐயுற வேண்டா. இனி இதுவே நம் முத்திரை. வட்டம் முழுதாய் அமைந்த ஓலை எதுவும் வந்தால், கொணர்ந்தவனைப் பிடித்துக் கட்டுக.