ரேடியோவில் சொன்ன நன்றி

வான்டைக், அயோவா
ஞாயிறு, ஆராதனை முடிந்த பின்

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி கேலும் சுகம். நாய்க்குக் காதில் வந்த புண் ஆறிவிட்டது. அங்கே பென்சில்வேனியாவில் நீயும் உன் வலது முழங்காலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்டால் எங்களுக்குப் போதும், ஐஸ் வைப்பதை நிறுத்தாதே. நான் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை நீ போன் செய்தபோது மளிகைக்கடைக் கூரைமேல் கம்ப்ரஸருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், கீழே கடைக்காரர் ஐஸ்கிரீம் எல்லாம் உருகுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நீ, வாலிபால் ஆடுவதற்குக் கல்லூரி சம்பள ஒப்பந்தம் நீட்டுகிறது, அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன் என்றாய். கையெழுத்தைப் போடு என்று சொல்லி வைத்துவிட்டேன். சாயங்காலம் உன் அம்மாவிடம் அதைச் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, "அவ பிறந்ததுலேர்ந்து உன்கிட்ட யோசனைன்னு கேட்டது இது ஒண்ணுதான் ட்ரெண்ட். அதுக்கு ரெண்டே வார்த்தையா? ஏன்னு சொல்லு அவளுக்கு. அந்த டயர் கதையையும் சொல்லு. நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றாள். அவள் சொன்னால் அழுதுகொண்டே சொல்வாள், பாதி விட்டுப்போகும். அதனால் நானே எழுதுகிறேன்.

முதலில் தாத்தா சொன்னதற்குப் பதில். உன் அம்மாவைப் பெற்றவர் என்பதால் மரியாதையாகவே சொல்கிறேன், ஹார்வி தாத்தா உன்னிடம் போனில் "கூலிக்கு வெளயாடுறவ ஆயிட்டியாம்மா" என்று கேட்டது அபத்தம். அவர் தன் பன்றிகளை எவ்வளவு நேசிக்கிறார் என்று உனக்கே தெரியும், குட்டி போடும் வாரத்தில் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார். அதற்காகச் சந்தையில் யாரும் அவரிடம், ஹார்வி, உனக்குத்தான் பன்றிமேல் இவ்வளவு பிரியமாயிற்றே, சும்மா கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டதில்லை. இதை அவரிடமே இன்று சாப்பாட்டு மேசையில் சொன்னேன். சிரிக்கவில்லை, ஆனால் பன்றி இறைச்சி வைத்த பன் இன்னொன்று எடுத்துக்கொண்டார், அதை வைத்து நீயே புரிந்துகொள். போன மாதம் இங்கே பக்கத்துக் கல்லூரி அரங்கத்தில் குளிரூட்டி நின்றுபோய் என்னைக் கூப்பிட்டார்கள். மணிக்கு இவ்வளவு என்று பில் போட்டேன், மறுவாரம் பணம் வந்தது. கோச்சுக்குச் சம்பளம், டிக்கெட் கிழிப்பவருக்குக் கூலி, டிவிக்காரர்களுக்கு வருமானம், சாஸேஜ் விற்பவருக்கு லாபம், இத்தனை பேரும் அங்கே இருப்பது நீங்கள் குதிப்பதைப் பார்க்க ஜனம் வருவதால்தான். குதிக்கிறவள் மட்டும் அன்புக்காகக் குதிக்க வேண்டுமாம். இந்தக் கணக்கு எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை.

இப்போது டயர் கதை. நான் கல்லூரியில் குஸ்தி பிடித்தேன் என்று உனக்குத் தெரியும், இரண்டாம் வருஷத்தோடு விட்டேன் என்றும் தெரியும், குழந்தை பிறந்ததால் விட்டேன் என்று ஊர் சொல்வதை நீயும் நம்பிக்கொண்டிருக்கிறாய். உன்னால் நான் எதையும் விடவில்லை. அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடு. எனக்கும் அம்மாவுக்கும் பத்தொன்பது வயது, நீ ஒரு மாதக் குழந்தை, எங்களிடம் இருந்தது அம்மாவின் அத்தை கொடுத்த பழைய கார், அதன் டயர்கள் உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தன. மாற்ற வழியில்லை. ஸ்காலர்ஷிப் என்றால் படிப்பும் சாப்பாடும்தான், பயிற்சியும் வகுப்பும் போக வேலைக்குப் போக நேரம் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்து வாசலில் டயர்க்கடை வெர்லின் அந்தக் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது. "தம்பி, வண்டியக் கொண்டாந்து விட்டுட்டுப் போ" என்றார். மத்தியானம் போனால் நான்கு புது பனி டயர்கள். எவ்வளவு என்று கேட்டேன். குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள் என்று கேட்டார். அந்த வாரமே உனக்கு மூச்சுத் திணறல் வந்தது, உதடு நீலமாகிவிட்டது, வெளியே முன்கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிப்புயல். ஆம்புலன்ஸ் வர முடியாது என்றார்கள். ஸூ ஃபால்ஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஓட்டினேன், பின்சீட்டில் அம்மா உன் மூச்சை எண்ணிக்கொண்டே வந்தாள். சாலையோரம் பள்ளத்தில் லாரிகள் சாய்ந்து கிடந்தன, நம் கார் ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. பழைய டயரோடு போயிருந்தால் நாமும் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்திருப்போம். இதைவிட அலங்காரமாகச் சொல்ல எனக்கு வராது.

நீ பிழைத்தாய். அடுத்த சனிக்கிழமை எனக்குப் போட்டி. எடை குறைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, ஆஸ்பத்திரியில் சாப்பிடாமலே குறைந்திருந்தது. எதிராளியை இரண்டாவது சுற்றிலேயே முதுகு தரையில் படப் போட்டேன். உள்ளூர் ரேடியோக்காரர் மைக்கைக் கொண்டுவந்து, பெரிய வெற்றி ட்ரெண்ட், யாருக்காவது நன்றி சொல்ல விரும்புகிறாயா என்று கேட்டார். நாம் எப்படிப்பட்ட ஊர் என்று உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கத் தெரியாதவர்கள் நாம். நானும் சொன்னேன். ஆண்டவருக்கு நன்றி, மனைவி ஜில்லுக்கு நன்றி, அப்புறம் என் காருக்கு நான்கு டயர் சும்மா போட்டுக் கொடுத்த வெர்லினுக்கு நன்றி, அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு எனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்னேன். மைல் கணக்கில் கேட்கிற ரேடியோ அது. திங்கட்கிழமை என்னைக் கல்லூரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். விளையாடுகிறவன் ஊர்க்காரர்களிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது, வாங்கினால் அவன் காசுக்கு விளையாடுகிறவன், அப்போதைய விதி அது. அங்கே விதிகளைக் கவனித்த அம்மாள் கெட்டவர் இல்லை. அவர் என்னைப் பார்த்து மெதுவாக, "ஏம்ப்பா, இத ஏன் ரேடியோல போய்ச் சொன்னே?" என்றுதான் கேட்டார். நன்றி சொல்லக் கேட்டார்கள், சொன்னேன் என்றேன். அந்தப் பருவம் முழுக்க என்னை நிறுத்தி வைத்தார்கள், மறுவருஷம் ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்கவில்லை. நான் தொழிற்கல்லூரிக்குப் போய்க் குளிர்சாதனம் படித்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, கம்ப்ரஸர் எங்கே கெட்டது என்று கேட்டால் நேராகச் சொல்லும், எனக்கு ஒத்துப்போகிற தொழில். ஆனால் அன்றிலிருந்து நாலு பேர் முன்னால் யாருக்கும் நான் நன்றி சொன்னதில்லை. நீ பள்ளிக்கூடம் முடித்த விழா விருந்தில் எல்லா அப்பாக்களும் எழுந்து ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னார்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ கோபித்துக்கொண்டாய். காரணம் இதுதான்.

வெர்லினுக்கும் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் போனது, இனிமேல் போட்டிகளுக்கு வரக் கூடாது என்று. அவர் பையனாக இருந்த காலத்திலிருந்து அந்த அரங்கத்தில் மூன்றாவது வரிசையில் ஓரத்து இடம் அவருடையது, போட்டு உட்காரத் தனியாக ஒரு மெத்தைகூட வைத்திருந்தார். அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறைசொன்னதில்லை. நேற்று என் பிக்கப் வண்டிக்கு டயர் மாற்ற அவர் கடைக்குப் போனேன், உன் அம்மா போகச் சொன்னாள் என்றும் வைத்துக்கொள். அவருக்கு எழுபத்தெட்டு வயது, கடையை மகள் பார்க்கிறாள், இவர் காபி போட்டுக்கொடுத்துக்கொண்டு எல்லோருக்கும் இடைஞ்சலாக உட்கார்ந்திருக்கிறார். டெஸ்ஸாவுக்குக் கல்லூரியே சம்பளம் கொடுக்கிறதாம், இப்போது சட்டமே மாறிவிட்டது என்றேன். "அப்ப இனிமே நான் ஒருத்தனுக்கு டயர் போட்டுக் குடுத்தா கழுத்தப் புடிச்சு வெளிய தள்ள மாட்டாங்களா?" என்று சிரித்தார். தள்ள மாட்டார்கள் என்றேன். காபியை ஊற்றிக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல், "அப்ப நானும் உள்ள வரலாமா ட்ரெண்ட்?" என்று கேட்டார். எங்கே என்று கேட்டேன். புள்ள ஆட்டம் பார்க்க என்றார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அந்தக் கடிதம் ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும்தான். இந்த மனிதர் அதை நாட்டில் உள்ள எல்லாக் கல்லூரிக்கும் என்று எடுத்துக்கொண்டு, இத்தனை வருஷமாக எந்தக் கல்லூரி அரங்கத்துக்குள்ளும் காலே வைக்கவில்லை. உன் பள்ளிக்கூட ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் வந்தவர், போன வருஷம் நீ நெப்ராஸ்காவுக்கு ஆட வந்தபோது ஊரே பஸ் பிடித்துக் கிளம்பியது, கடையில் வேலை இருக்கிறது என்று அவர் மட்டும் தங்கிவிட்டார், ஞாபகம் இருக்கிறதா? கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ரேடியோவில் கேட்டாராம். யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று கத்தினேன். "வரக் கூடாதுன்னு எழுத்துல குடுத்திருந்தாங்களேப்பா. நான் வந்து ஒக்காந்து, அதனால புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். நான் வெளியே போய் வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

உன் அணித் தோழி ஜோசிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறாய். அது நியாயமில்லைதான். கால்பந்துப் பையன்களுக்குக் கொட்டிக் கொடுத்துவிட்டு நீச்சல் அணியை மூடிய கல்லூரிகளும் உண்டு, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. புது இயந்திரம், சரியாகப் பொருத்தவில்லை, நான்கு இடத்தில் கசிகிறது. கசிகிறது என்பதற்காகப் பழையதைத் திரும்ப மாட்டச் சொல்லாதே, பழையது என்ன செய்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். நீ வேண்டாம் என்றால் உன் பங்கு ஜோசிக்குப் போகுமா என்று கோச்சிடம் நேராகக் கேள். போகும் என்றால் யோசி. போகாது என்றால், நீ மறுப்பதால் யாருக்கு என்ன லாபம்? ஜோசியிடம் ஒளிக்காதே, வாங்குகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல், ஒளித்தால்தான் சிநேகிதம் கெடும். ஒப்பந்தத்தில் முதலில் காயம்பட்டால் என்ன என்கிற பகுதியைப் படி, தொகையைக் கடைசியில் பார். அம்மாவின் சித்தப்பா மகன் வக்கீல், அவனுக்கு அனுப்பு, அவன் மெதுவாகப் படிப்பான், கத்தாதே. அதன் பிறகு கையெழுத்துப் போடு. போடவில்லை என்றாலும் நீ என் மகள்தான், ஆனால் முட்டாள்தனம் செய்தாய் என்று ஒரு தடவை சொல்வேன்.

நவம்பர் கடைசியில் நன்றி நாள் விடுமுறை முடிந்த சனிக்கிழமை உங்கள் அரங்கத்தில் நடக்கிற கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் வருகிறோம். அம்மா, கேல், நான், வெர்லின். தாத்தாவும் வருகிறேன் என்கிறார், பன்றிகளை யார் பார்ப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பென்சில்வேனியா வரை ஒரே மூச்சில் ஓட்ட மாட்டேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது வரிசை, ஓரத்து இடம் ஒன்று, அதை ஒட்டி நான்கு, டிக்கெட் வாங்கி வை. வெர்லின் மெத்தையை எடுத்துவைத்துவிட்டார், அவர் மகள் அதைத் துவைக்கட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாராம். ஆட்டம் முடிந்து உன் முன்னால் மைக்கை நீட்டுவார்கள். யாருக்கு நன்றி சொல்லப்போகிறாய் என்று கேட்பார்கள், எந்த ஊரிலும் அதைத்தான் கேட்பார்கள். அப்போது அவர் பெயரைச் சொல், எதற்காக என்பதையும் சொல், டயர் என்று வாய்விட்டுச் சொல். நான் எழுந்து நிற்பேன். அதற்காக உன் அணிச் சட்டையை இனி யாரும் பறிக்க முடியாது.

உனக்கு இன்னும் மூச்சு ஓடுகிற ஒவ்வொரு நாளுக்கும் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன், உன்னிடம் சொல்லாததால் சொல்லவில்லை என்று நினைத்துவிடாதே. அவர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், முழங்காலைக் கட்டாயம் காக்கட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள், கேல் உன் பழைய அறையை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கச் சொன்னான், கூடாது என்று சொல்லிவிட்டேன்.

குளிர் இறங்கிவிட்டது. காரின் டயர்களில் காற்றைப் பார், வழவழவென்று தேய்ந்திருந்தால் உடனே மாற்று, பில்லை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அப்பா
ட்ரெண்ட்