கவிழ்ந்து தெரிந்த வள்ளம்

மாசி 5, திங்கள்
வெயில். வாடைக் காற்று. போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். என்னிடம் பாடக்குறிப்பு இரவல் வாங்கியவர் எனக்கு மேலே தலைமையாசிரியராக (இனி த. ஆ.) வந்தபோதும் பேசவில்லை. தொலைநோக்கி விஷயத்தில் முடியாது.

பள்ளிக்கூடத்துக்கென்று கொழும்புக் கடையிலிருந்து இரண்டு வந்திருக்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெள்ளிக்கிழமை லொறியில் திருப்பவேண்டும். ஒன்று: மூன்றங்குல வில்லை, கனத்த மர முக்காலி, அறுபது மடங்கு. மற்றது: ஒரு சதக் காசு அளவு வில்லை, பித்தளை மினுக்கம், பெட்டியில் ‘முந்நூறு மடங்கு’. முக்காலிக்கு நாரைக்கால்கள். தொட்டால் ஆடி ஓய ஒரு நிமிடம்.

த. ஆ.: "முந்நூறு பெரிசோ, அறுபது பெரிசோ, மாஸ்டர்? நீங்கள்தானே கணக்கு வாத்தியார்."
ஆசிரியர் அறை முழுக்கச் சிரிப்பு.

புதன்
சவர அலகு முடிந்தது. சைக்கிள் டியூப் ஒட்டவேண்டும்.

பெற்றார் சங்கம் கடற்கரையில் கூடி இரண்டையும் பார்த்தது. பட்டப்பகலில்! வில்லையின் அகலம்தான் ஒளியைச் சேர்க்கும், முக்காலி ஆடக்கூடாது, மடங்கு பிறகு என்றேன். யார் கேட்டது?

மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரர் சூசைப்பிள்ளைச் சம்மாட்டி. பெரிய தொலைநோக்கியில் முதலில் குனிந்தவர் அவர்.

"மாதாவே! என்ர வள்ளம் கவிண்டு கிடக்குது!"

வெறுங்கண்ணால் பார்த்தார், சின்னதிலும் பார்த்தார். நேராக நின்றது. மறுபடி குனிந்தார். மறுபடி கவிழ்ந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்.

"சம்மாட்டியார், வானம் பாக்கிற கண்ணாடி தலைகீழாத்தான் காட்டும். சந்திரனுக்கு மேலென்ன, கீழென்ன?"

"உங்களுக்குக் கடலிலை ஆள் இல்லை, மாஸ்டர். இதை இந்தக் கரையிலை வைக்க விடமாட்டம்."

அவர் தம்பி போன வருடம் கடலிலிருந்து திரும்பவில்லை. த. ஆ. உடனே, "பழுதுச் சாமான். அனுப்பிவிடுவம்."

வியாழன்
தலையிடி. பெரியதைப் பொதி செய்ய எனக்கே உத்தரவு. அதற்கு முன், பொழுது சாய்கையில் பிறையை ஒருதரம் பார்த்தேன். குழிகள். அவற்றின் நிழல்கள். நாற்பத்தேழு வயதில் முதல்தரம். யாரையும் கூப்பிடவில்லை.

பிள்ளைகள் மற்றதில் பார்ப்பார்கள். ஆடுகிற ஒரு வெள்ளைப் புகை. வானம் இவ்வளவுதான் என்று விட்டுவிடுவார்கள். அதுதான் தாங்கவில்லை.

கல்விக் கந்தோர் அதிகாரிக்குக் கடிதம், இரண்டு பக்கம். த. ஆ. பற்றிய பந்தியை வெட்டினேன். பிறகு பாதியைத் திரும்பச் சேர்த்தேன்.

வெள்ளி
முகில். லொறி பத்து மணிக்கே போய்விட்டது, பெட்டியோடு.

கடிதம் இன்னும் சட்டைப் பையில். மொட்டைக் கடிதத்தைக் கந்தோரில் வாசிக்கமாட்டார்கள். கையெழுத்து வைத்தால் வாசிப்பார்கள்; எனக்கு இடமாற்றம் வரும், தொலைநோக்கி வராது. வில்லையின் அகலம் பற்றி இந்தப் பகுதியில் வேறு யார் எழுதப்போகிறார்கள்? பெயரை மறைத்தாலும் நான்தான் என்று தெரிந்துவிடும்.

நாலரைக்குத் தபால் எடுப்பார்கள். கிழிக்க மனம் வரவில்லை; கையெழுத்தில்லாமலே போடுகிறேன்.