நெற்றிக் காசுக்கு ஐயாயிரம்

என் பிரியமுள்ள பாஸ்கர் அண்ணாவுக்கு,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ செத்துக் கிடந்த அன்று வாய்க்கரிசி வரைக்கும் நான் துக்கத்தில் பேச்சிழந்து உட்கார்ந்திருந்ததாக மேற்குத் தாம்பரத்தில் இன்றுவரை உருக்கமாகப் பேசிக்கொள்கிறார்கள். "அண்ணன்னா உசுரு. பாவம், அன்னிக்கு ரொம்ப நேரம் ஒரு வார்த்தை வரல" என்று எதிர்வீட்டு டீச்சர் என் முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணா, வார்த்தை வராததற்குக் காரணம் துக்கம் இல்லை. என் கன்னத்துக்குள் உன் சிலோன் காசு இருந்தது.

துக்கம் இல்லாமலா இருக்கும்? ஆனால் துக்கத்தில் வாயை மூடுகிற ரகமா நான்? நம் அப்பா போனபோது ஒப்பாரிக்கு நடுவில் பந்தல்காரரிடம் வாடகை பேசிக் குறைத்தவள்.

உனக்குத் தெரிந்த கதைதான் பாதி. ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கொள். ஸ்டேஷனுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத் வாசலில் உன் பழங்காசு மேஜை. மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் நீலத் துணி, துணிமேல் உலகத்து ராஜா ராணிகளெல்லாம் மல்லாக்கப் படுத்திருப்பார்கள். துபாயிலிருந்து வந்தவர்கள் மிச்சச் சில்லறையைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். மலேயா சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறிவிட்டு வருகிறவர்கள், இந்தக் காசை விற்றே மனை வாங்கிவிடலாம் என்ற முகத்தோடு வருவார்கள். பைசா பெறாத காசையும் நீ வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல காசு சார். ஆனா இதுக்குன்னு ஆள் வரணும்" என்பாய். வந்தவர் ஏமாற்றத்தோடு போகமாட்டார், மரியாதையோடு போவார்.

அந்தச் சிலோன் காசு மட்டும் கண்ணாடிக்கு அடியில் இருந்ததில்லை. வெள்ளியில் இருபத்தைந்து சென்ட். ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் ஒரு பனைமரம் இருந்திருக்க வேண்டும். முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால், மரத்துக்குப் பதிலாக அதே ராஜா தலை குழியாக, இடம் வலம் மாறிப் பதிந்துவிட்டது. சேகரிக்கிறவர்கள் அதைப் பார்த்தால் மூச்சை இழுத்துப் பிடிப்பார்கள். எனக்கு அது யாரோ கட்டைவிரலால் அமுக்கிய அப்பளம் மாதிரி தெரிந்தது. அதைச் சொன்னதற்கு நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்கு ஆசைப்பட்டவர் செக்ரட்டரி வரதன். ரிடையர்டு பேங்க் ஆபீசர். அஸ்தினாபுரத்தில் அவர் வீட்டு மாடியில்தான் நாணயச் சங்கம் கூடும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்கூட்டரில் உன் மேஜைக்கு வந்துவிடுவார்.

"என்ன பாஸ்கர், எண்ணூறு. கூட ரெண்டு தரங்கம்பாடி காசு. இதுக்கு மேல எவன் தருவான்?"

"தரங்கம்பாடி காசு என்கிட்டயே கெடக்கு சார்."

"பின்ன என்னதான்யா வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேணாம் சார். நான் போறப்ப அதை என் நெத்தியில ஒட்டி அனுப்பணும். அவ்ளோதான்."

சாப்பாட்டுக் கேரியரோடு பக்கத்தில் நின்று நானே கேட்டேன். அப்போது சிரித்தேன். நீ போன காலையில் அது சிரிப்பாக இல்லை.

கூடத்தில் உன்னைப் படுக்க வைத்து, யாரோ ஒரு சாதாரண ஒற்றை ரூபாயைச் சந்தனத்தில் ஒட்டியிருந்தார்கள். சங்கத்து ஆட்கள் மாலையோடு வந்தார்கள். மாலையைப் போட்டவர்கள் உன் முகத்தையா பார்த்தார்கள்? நெற்றியைப் பார்த்தார்கள். ஒருவர் குனிந்து, "வருஷத்துக்குக் கீழ டைமண்ட் இருக்கு, பாம்பே மின்ட்ல அடிச்சது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நீ எழுந்து உட்கார்ந்து பதில் சொல்லிவிடுவாயோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

அதற்குள் செக்ரட்டரி, அண்ணியின் தம்பி குமாரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "குமார், அந்த சிலோன் பீஸ் பத்திரமா இருக்கா? இந்தக் களேபரத்துல எவனாவது தூக்கிடப் போறான். என்கிட்ட குடுத்துடு, அப்புறமா செட்டில் பண்ணிக்கலாம்." குமார் நல்ல பிள்ளைதான். ஆனால் பேங்க் ஆபீசர் தோளில் கை போட்டால் உருகிவிடுவான்.

அவனுக்கு முன்னால் நான் பீரோவுக்குப் போய்விட்டேன். அண்ணியின் பட்டுப்புடவைக்கு அடியில் ஹோமியோபதி மாத்திரை டப்பா, அதற்குள் உன் ராஜா. காசை எடுக்கவும் அவன் கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. ரவிக்கைக்குள் வைத்திருக்கலாமே என்பாய். அங்கே ஏற்கெனவே பர்ஸ், கர்ச்சீப், என் வீட்டுச் சாவிக்கொத்து, எள் போட இடமில்லை. வாயில் போட்டுக்கொண்டேன்.

"அக்கா, இங்க ஒரு மாத்திரை டப்பா பாத்தீங்களா?"

தலையை ஆட்டிக்கொண்டே விசும்பினேன். பயந்துபோய் சோடா உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். காசை ஒரு கன்னத்தில் ஒதுக்கிவிட்டு மறு கன்னத்தால் குடித்தேன். விழுங்கித் தொலைத்திருந்தால் செக்ரட்டரி என்னை ஸ்கூட்டரில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போயிருப்பார்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். முதல் ஆளாகப் போனேன். காசைக் கையில் துப்பி, முந்தானையில் துடைத்து, அந்த ஒற்றை ரூபாயைப் பிய்த்தெடுத்துவிட்டு உன் ராஜாவை ஒட்டினேன்.

"அம்மா! சந்தனம்! வெள்ளி மேல சந்தனம்! டோனிங் போயிடும்மா!" செக்ரட்டரி போட்ட சத்தத்தில் ஒப்பாரியே நின்றுவிட்டது. பழைய வெள்ளிமேல் படிகிற கருப்புக்குத்தான் அந்தப் பெயராம். அதற்கும் தனி விலையாம்.

"ஆளே போயாச்சு சார். டோனிங் போனா என்ன?"

"அக்கா, வெளையாடாதீங்க, அது காசு" என்றான் குமார்.

"நெத்தியில காசுதாண்டா வைப்பாங்க. பின்ன கத்திரிக்காயா?"

செக்ரட்டரி என்னை விட்டுவிட்டு நேராக அண்ணியிடம் போனார். "ஐயாயிரம் தரேம்மா. இப்பவே."

வெளியே மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அண்ணா, அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் வந்தது. ஐயாயிரம் அண்ணிக்கு விளையாட்டுத் தொகையா? படிக்கிற பிள்ளைகள் இரண்டு, வருமானம் என்று அந்த மேஜை மட்டும். அவங்க தலையை ஆட்டியிருந்தால் நானே அதைப் பிய்த்து அவங்க கையில் கொடுத்திருப்பேன், உன்னை ஒற்றை ரூபாயோடு அனுப்பியிருப்பேன்.

அண்ணி அழுத கண்ணோடு நிமிர்ந்தாங்க. "சார், போன ஞாயித்துக்கெழம இவருகிட்ட எவ்ளோ சொன்னீங்க?"

"அது... எண்ணூறு."

"செத்தப்புறம் வெல ஏறிடுச்சா?"

"அப்படி இல்லம்மா. மார்க்கெட்னு ஒண்ணு..."

கோபம் வந்தால் அண்ணிக்குப் பிறந்த வீட்டுப் பாஷை வந்துவிடும், உனக்குத் தெரியாததா? "மார்க்கெட்டு இங்க படுத்துக்கினு கீது சார். தூக்க ஆள் பத்தல. ஒரு பக்கம் புடிங்க."

பிடித்தார். முதல் தெருமுனை வரை உன் பாடையின் ஒரு மூலை செக்ரட்டரி வரதன் தோளில்தான் போனது.

அதற்கு மேல் குமார் சொல்லித்தான் தெரியும். நெற்றிக் காசு சுடுகாட்டில் வேலை பார்க்கிறவருக்கு என்பது வழக்கம். அங்கே ஏழுமலை என்பவர் அதை எடுத்துத் துடைத்து இடுப்பில் முடிந்துகொண்டார். செக்ரட்டரி நூறு ரூபாய் நோட்டுகளை நீட்டினாராம்.

"இன்னா சார், அவரு இன்னும் எரியவேல்ல, அதுக்குள்ள பேஜார் பண்றியே. தர்றதுக்கில்ல, போ."

இப்போது சங்கதி என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை தோறும் செக்ரட்டரி ஸ்கூட்டரில் சுடுகாட்டு வாசலுக்குப் போகிறார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். அவர் விலை சொல்கிறார், ஏழுமலை ஆற அமரக் கேட்டுவிட்டு, மாட்டேன் என்கிறார். மாடியில் செக்ரட்டரி இல்லாததால் சங்கக் கூட்டமே நடப்பதில்லையாம். கடைசியாக நடந்த கூட்டத்தில் "நாணய மரபுக்கு ஊறு விளைவித்த பெண்மணி" என்று என்னைக் கண்டித்துத் தீர்மானம் போட்டார்கள். நகல் கேட்டு வாங்கி, லாமினேட் செய்து, ஃபிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் காபி குடிக்கிறார்கள்.

உன் மேஜையில் இப்போது அண்ணி. கோபித்துக்கொள்ளாதே, வியாபாரம் உன்னைவிட நன்றாக நடக்கிறது. அண்ணி யாருக்கும் மரியாதை கொடுத்து நேரத்தை வீணாக்குவதில்லை.

ஐயாயிரத்தை எரியவிட்ட பைத்தியம் என்று என்னைச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். வெள்ளி எரியவும் இல்லை, நான் வருந்தவும் இல்லை. மறுபடி நீ செத்தாலும் அதையேதான் செய்வேன். நீ போன இடத்தில் யாரிடமாவது அந்தக் குழிந்த தலையைப் பற்றிப் பீற்றிக்கொண்டாயா? யாராவது மூச்சை இழுத்துப் பிடித்தார்களா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி அது ஏழுமலையின் காசு. அவர் வைத்துக்கொண்டாலும் சரி, விற்றாலும் சரி. ஆனால் விற்கிற அன்று நான் அந்தப் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எண்ணூறு என்ற பேச்சே எழாது.

இப்படிக்கு,
வாய் மூடாத உன் ஒரே தங்கை
விமலா

பி.கு.: போன வாரம் அண்ணியிடம், "எப்படியோ அவனோட கடைசி ஆசையை நிறைவேத்திட்டோம் அண்ணி" என்று பெருமையடித்துக்கொண்டேன். அண்ணி ஒரு நேபாளக் காசைத் துடைத்துக்கொண்டிருந்தாங்க, நிமிரவில்லை. "நெத்தியில ஒட்டி அனுப்பணும்னாரே, அதுவா? அத எல்லா காசுக்கும் சொல்லுவாரு விமலா. வெல ஏத்தறதுக்கு."